மாப்பிள்ளைக்கு ஜிப் போனது

அந்த டிரைவிங் ஸ்கூல் காரில் முதல் நாள் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்றோ, கியர் எங்கே இருக்கிறது என்றோ கேட்கமாட்டார்கள். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மேடம், பின்னால யாரு?" என்பார்கள். அங்கே நீலத் துணி உறைக்குள் ஒருவர் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு சாய்ந்து கிடப்பார். நல்ல உயரம், ஒல்லிக் கழுத்து, அகலமான இடுப்பு. "எங்க வீட்டு மாப்பிள்ளை. பயப்படாதீங்க, வாயே திறக்கமாட்டார். நீங்க கண்ணாடிய சரி பண்ணுங்க" என்பாள் சொல்லிக்கொடுக்கிறவள்.

சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அங்கே பிரேக்கம்மா என்று பெயர். அந்த மாதிரி கார்களில் கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் பயத்தில் தொட்டதற்கெல்லாம் அதை மிதிப்பார்கள். இவள் மிதிக்கமாட்டாள். ஆனால் மிதிக்க வேண்டிய அந்த ஒரு நொடியில் கால் தானாகப் போய் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஸ்கூல் முதலாளி பின் சீட் விஷயத்தில் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அவளிடம் படித்தவர்கள் பெரும்பாலும் முதல் டெஸ்டிலேயே தேறிவிடுவார்கள்.

மாப்பிள்ளை என்பது அவளுடைய செல்லோ. வயலினுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஏறாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கட்டிப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு வில்லால் இழுக்க வேண்டும். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இசைக்குழுவைக் கலைத்தபோது, வயிற்றில் விரிசல் விட்ட இந்த ஒன்றை மட்டும் யாரும் சீந்தவில்லை. இவள் வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, வந்ததே வந்தார், உள்ள கூட்டிட்டு வா மாப்பிள்ளைய" என்றாள். பிறகு மனித மாப்பிள்ளை யாரும் வரவில்லை, இவளும் தேடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த நீல உறை இருக்கிறதே, அது அக்கா தைத்தது. அக்கா அப்போது தையல் கற்று முடித்திருந்த புதுசு. டேப்பை எடுத்துக்கொண்டு செல்லோவுக்கு முறையாக அளவெடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு, உயரம். "இடுப்பு என்னைவிட நல்லா இருக்குடி இவருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பழைய குளிர் கோட்டுகளின் உள்துணியைப் பிரித்து, நடுவில் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி, கழுத்திலிருந்து அடிவரை பெட்டிக்குப் போடுகிற கனமான ஜிப் வைத்தாள். இருபது வருஷ மழைக்கும் பஸ் நெரிசலுக்கும் அது தாங்கியிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அக்காவுக்குக் கை அப்படி.

சரி, பாட்டுக்கு வருவோம். பிரேக்கம்மாவின் பாட்டுகள் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே வாசித்துக்கொண்டு பாடுகிறவை. பின்னால் எந்தப் பாட்டுக் கம்பெனியும் கிடையாது. புத்தகக் கடையின் பின்கட்டு, காபிக் கடை, யாருடைய வீட்டு மாடி, இப்படி முப்பது நாற்காலி போடுகிற இடம்தான் அவளுடைய மேடை. வீட்டில் வாசித்தால் கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார் என்பதால், ஒரு டயர் கடைக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமை வாடகைக்கு எடுத்திருந்தாள். நாலு சுவரிலும் டயர் அடுக்கியிருக்கும். சத்தம் வெளியே போகாது. ரப்பர் வாசனை மட்டும் அவளோடு வீட்டுக்கு வரும்.

அவள் பாட்டுக் கட்டுகிற விதம் தலைகீழானது. ஊரில் பாட்டெழுதுகிறவர்கள் சொல்லை வைத்துக்கொண்டு மெட்டைத் தேடுவார்கள், அல்லது மெட்டை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுவார்கள். இவள் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு செல்லோவை இழுப்பாள். அது எங்கே போகிறதோ அங்கே போவாள். காலடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், லூப் பெடல் என்பார்கள். மிதித்தால் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு தடவை மிதித்தால் பிடித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால், ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் ஐந்து பேர் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். மிதிப்பது ஒரு இம்மி தப்பினால் பாட்டு முழுக்க நொண்டும். அங்கேயும் அவளைக் காப்பாற்றியது பிரேக் கால்தான். இத்தனையும் ஆன பிறகு, வாய்க்கு வந்த அர்த்தமில்லாத சத்தங்களைப் பாடிப் பார்த்து, கடைசியில்தான் சொல் போடுவாள். வில்லை ஒரு தடவை முழுசாக இழுக்கிற நேரம் ஒரு வரி. மூச்சும் வில்லும் ஒன்றாக முடிய வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கும். அக்காவுக்குப் போன்.

அக்காவின் கடை பள்ளிக்கூடங்கள் இருக்கிற தெருவில். யூனிபார்ம்தான் முக்கிய வேலை, கூடவே கிழிசல், ஜிப், பட்டன், குட்டையான பேன்ட்டைப் பிரித்து விடுவது. போனை மெஷின் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே கேட்பாள். பாட்டு முடிந்ததும் ஒரு நிமிஷம் மெஷின் மட்டும் ஓடும். பிறகு தீர்ப்பு வரும். பிடித்திருந்தால், "பட்டன் வெச்சுடலாம்." பிடிக்காவிட்டால், "இடுப்புல சுருக்கம் விழுது. பிரி." பிரி என்றால் போட்ட தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கு மேல் காரணம் சொல்லமாட்டாள், போனை வைத்துவிடுவாள். பிரேக்கம்மா திட்டிக்கொண்டே பிரிப்பாள். பிரித்த பிறகு பாட்டு நன்றாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். பட்டன் வைக்காத பாட்டை அவள் வெளியே பாடினதே கிடையாது.

ஒரே ஒரு பாட்டைத் தவிர.

அக்கா புருஷன் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு வீடு, இன்னொரு குடும்பம், அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. அக்கா அன்றைக்குப் போன் பண்ணி, "அவர் போயிட்டார். நீ ஓடி வராத, எனக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கடையைத் திறந்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பிறகு பேசவே இல்லை. தங்கச்சி கேட்க வேண்டும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்தாள், வருஷங்கள் ஓடிவிட்டன.

அப்புறம் ஒரு மத்தியானம். வெளியே மழை. டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அடித் தந்தியில் நாலு சுரம், படி இறங்குகிற மாதிரி கீழே கீழே வந்தது. பெடலை மிதித்தாள். அது சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே இருந்தது. செல்லோ விம்மி விம்மி அழுதது. அழுவது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்காதான். சொல்லெல்லாம் தானாக வந்து விழுந்தது.

"பாதிக் கட்டில் எனக்கு
மீதிக் கட்டில் யாருக்கு
ஜன்னல் கம்பியைப் பிடிச்சபடி
விடியும்வரைக்கும் அழுதேன்."

எனக்கு இந்த இடத்தில்தான் அவள்மேல் கோபம் வரும். செல்லோ எதற்கு அழாது? அந்த வாத்தியத்தில் சோப்பு விளம்பரத்தை வாசித்தாலும் கேட்கிறவன் மூக்கை உறிஞ்சுவான். அதன் தொண்டை அப்படி. இருபது வருஷமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் வாத்தியம் சொன்னதை அப்படியே நம்பினாள், உயிரோடு நாலு தெரு தள்ளி இருக்கிறவளைக் கேட்கவில்லை. போனை எடுத்தாள், அக்கா நம்பர் வரைக்கும் போனாள், வைத்துவிட்டாள். "பாடி முடிச்சு, ஒருநாள் நேர்ல கேக்க வைக்கலாம், ஆச்சரியமா இருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பட்டன் வைக்காமலே அந்தப் பாட்டைப் பாடினாள், பதிவு செய்து இணையத்திலும் போட்டாள்.

அத்தனை வருஷம் எந்தப் பாட்டும் போகாத தூரத்துக்கு அது போனது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அழுதோம் என்று எழுதினார்கள். டிரைவிங் படிக்க வந்த ஒரு நர்ஸ், ரிவர்ஸ் எடுக்கும்போது அதை முணுமுணுத்துக்கொண்டே தூணில் இடித்தாள். பிரேக்கம்மாவின் கால் முதல் தடவையாகப் பிரேக்குக்குப் போகத் தாமதித்தது. சந்தோஷம் காலைக்கூட மந்தமாக்கிவிடும் போலிருக்கிறது.

பாட்டு கடைசியில் அக்கா கடைக்கும் வந்து சேர்ந்தது. பாவாடை அளவு கொடுக்க வந்த ஒரு பெண், போனில் அதைப் போட்டுவிட்டு, "கேட்டீங்களாக்கா இத? நெஞ்சைப் பிசையுது" என்றாள். பாடுகிற குரல் யாருடையது என்று அக்காவுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்தது, யாரைப் பற்றி என்று இரண்டாவது வரியில் தெரிந்தது. டேப்பைப் பிடித்தபடி முழுசாகக் கேட்டாள். அந்த வாரமே சித்தி முறையில் ஒருத்தி வந்து, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இப்படியா தனியா கெடந்து அழுத? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாவம்டி நீ" என்றாள். பிறகு கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வருஷக்கணக்காக அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து கத்தரி பிடித்தவளை எல்லோரும் சேர்ந்து ஒரு வாரத்தில் பாவமாக்கிவிட்டார்கள்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அடுத்த தடவை தங்கச்சி போன் பண்ணியபோது, "வேலை இருக்கு" என்று வைத்தாள். அதற்கடுத்த தடவையும் வேலை இருந்தது. அப்புறம் போனை எடுப்பதே இல்லை. தங்கச்சிக்கு ஏன் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. கடை வாசல் வரைக்கும் இரண்டு முறை போய், கண்ணாடிக்குள் அக்காவின் குனிந்த தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலேயே பெரிய ஹாலின் மேனேஜர் கூப்பிட்டார். வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலி, மேலே மாடி, மேடைக்குத் தனி வெளிச்சம். அவள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த ஹால். "முழு சாயங்காலமும் உங்களுக்குத்தான். கடைசில அந்தக் கட்டில் பாட்டு. அதுக்குத்தான் ஜனங்க வராங்க, தெரியுமில்ல?" என்றார். அவள் சரி என்றாள். போனை வைத்ததும் கை தானாக அக்கா நம்பரைத் தேடியது. இந்தச் சேதியைச் சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

புதுப் பாட்டுகள் கட்ட உட்கார்ந்தாள். கட்டினாள், ஆனால் எது நன்றாயிருக்கிறது, எது இல்லை என்று தெரியவில்லை. டயர் கடைக்காரருக்குப் பாடிக் காட்டினாள். "சூப்பர்" என்றார். இன்னொன்று பாடினாள். அதுவும் சூப்பர். டிரைவிங் ஸ்கூல் முதலாளி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கொஞ்சம் வேகம் இருந்தால் நல்லது என்றார், ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். பிரி என்று சொல்ல ஆளில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு அழுகை வந்தது. பெரிய ஹால் போனால் போகட்டும், அக்கா ஒரு தடவை "பிரி" என்றால் போதும் என்று இருந்தது. அப்படித்தான் நினைத்தாள், ஆனால் ஹாலை விடவும் மனசு வரவில்லை. இரண்டும் வேண்டும் அவளுக்கு.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு ஜிப் போனது. பஸ்ஸில் இறங்கும்போது எவனுடைய பை கொக்கியோ மாட்டி, கழுத்திலிருந்து இடுப்புவரை பல்லெல்லாம் தெறித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் புது உறை வாங்கியிருப்பார்கள். தெருவுக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. அவள் திறந்து தொங்குகிற உறையோடு செல்லோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நாலு தெருவும் நடந்தே போய், அக்கா கடைக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினாள்.

அக்கா நிமிர்ந்தாள். தங்கச்சியைப் பார்க்கவில்லை, உறையைத்தான் பார்த்தாள்.

"வெளியில எடு அவர" என்றாள்.

தங்கச்சி செல்லோவை எடுத்து, ஸ்கூல் சட்டைகள் தொங்குகிற கம்பிக்குப் பக்கத்தில் மூலையில் சாய்த்தாள். அக்கா உறையை மேஜையில் விரித்து, கிழிந்த ஜிப்பை ஊசி முனையால் பிரிக்க ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் தான் போட்ட தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி, வாடிக்கையாளர் உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் வேறொன்று வாயில் வந்தது.

"அன்னிக்கு நீ என்ன பண்ணினக்கா? அவர் போன அன்னிக்கு?"

"பாட்டே போட்டுட்ட. இப்ப வந்து கேக்கற."

"ஆமா. இப்பதான் கேக்கறேன்."

அக்கா ஊசி முனையை இன்னும் இரண்டு தையலுக்குள் விட்டாள். பழைய ஜிப் முழுசாகக் கழன்று வந்தது. சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். டப்பாவைக் குடைந்து புது ஜிப் ஒன்றை எடுத்து, நீளம் பார்த்து, குண்டூசி குத்த ஆரம்பித்தாள். குத்திக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் பேசினாள்.

"கதவச் சாத்தினேன். பசி. அப்படி ஒரு பசி. அவருக்கு முட்டை வாசனை ஆகாது, கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டுல முட்டையே கெடையாது. நேரா பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, முட்டை இருக்கான்னு கேட்டேன். மூணு குடுத்தாங்க. மூணையும் பொரிச்சு, அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே தின்னேன். மூணும்."

தங்கச்சிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அப்புறம் அவர் உக்கார்ற நாற்காலியத் தூக்கி பால்கனில வெச்சேன். ஜன்னல்கிட்ட அதுதான் நிக்கும், என் மெஷின் இருட்டு மூலைல. எத்தனை தடவை கேட்டிருப்பேன், மாத்தலாம்னு. மெஷினத் தள்ளிட்டு வந்து ஜன்னலுக்குக் கீழ போட்டேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கட்டில் நடுவுல, குறுக்கால படுத்தேன். விடிஞ்சது தெரியாமத் தூங்கினேன். அந்த மாதிரித் தூக்கம் அதுக்கு முன்னாடி எப்பத் தூங்கினேன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

"அழவே இல்லியா?"

"அழுதேன். அது வேற நாள், வேற காரணம். அது உனக்கு எதுக்கு?"

மெஷினை ஓட்டினாள். ஜிப் ஓரமாகத் தையல் நேராக ஓடியது. பாதியில் நிறுத்திவிட்டு முதல் தடவையாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஊர் பாவம்னா போயிட்டுப் போகுது. ரெண்டு மாசத்துல மறந்துடும். நீ என்னைப் பாவம்னு நெனச்சிருக்க பார். இத்தனை வருஷமா ஜன்னல் கம்பியப் பிடிச்சு அழறவளாத்தான் நான் உன் மனசுல இருந்திருக்கேன்."

"மாப்பிள்ளை அழுதார். நீதான் அழறேன்னு நெனச்சுட்டேன்."

"அவர் எதுக்குத்தான் அழல?" என்றாள் அக்கா. மூலையில் சாய்ந்திருந்த செல்லோவை ஒரு பார்வை பார்த்தாள். கோபத்துக்கு நடுவிலும் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அசைந்த வேகத்தில் நின்றும் போனது.

ஜிப்பை மேலும் கீழும் நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உறையை நீட்டினாள். தங்கச்சி, "போன் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். "உன் போன், உன் இஷ்டம். எடுக்கறது என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த சட்டையை எடுத்தாள்.

அன்றைக்கே பிரேக்கம்மா கட்டில் பாட்டை இணையத்திலிருந்து எடுத்தாள். மனசு வந்து எடுக்கவில்லை, பொய் சொல்வானேன். அத்தனை வருஷத்தில் ஊர் கேட்ட ஒரே பாட்டு. பிறகு ஹால் மேனேஜரைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடமாட்டேன் என்றாள். அவர் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார், பிறகு நிதானமாக, "அப்ப முழு சாயங்காலம் குடுக்க முடியாதும்மா. வேற ஒரு குழு பாடறாங்க. அவங்களுக்கு முன்னாடி வேணும்னா நாலு பாட்டு பாடிட்டுப் போங்க. ஜனங்க வந்து உக்கார்ற நேரம்" என்றார். அவள் அதற்கும் சரி என்றாள். வைத்துவிட்டு, டயர்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். வலித்தது.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, செல்லோவைத் தொடுவதற்கு முன்னால் பாட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி முட்டை தின்கிறாள், மெஷினை நகர்த்துகிறாள், தூங்குகிறாள். செல்லோவிடம் சொன்னால் அது கேட்டால்தானே? வில்லை வைத்தாலே விம்மியது. மெஷின் நகர்கிற இடத்தில் பிணம் நகர்கிற மாதிரி இருந்தது. தூக்கம் சாவு மாதிரி இருந்தது. "யோவ் மாப்பிள்ளை, ஒருநாளாவது சிரிச்சுத் தொலையேன்" என்று வாய்விட்டுத் திட்டினாள். டயர் எடுக்க வந்த கடைக்காரர் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் வில்லைக் கீழே வைத்தாள். விரலால் தந்தியைச் சுண்டினாள். உள்ளங்கையால் அதன் வயிற்றைத் தட்டினாள், ஓடுகிற மெஷின் மாதிரி தடதடவென்று. பெடலை மிதித்துப் பிடித்தாள். அதன் மேல் சுண்டல், அதன் மேல் இன்னொரு சுண்டல். பழைய நாலு சுரத்தை விடவில்லை, திருப்பிப் போட்டாள், இறங்கினது ஏறியது. வில்லைக் கடைசிப் பகுதிக்கு மட்டும் எடுத்தாள், குறுக்கே படுத்துத் தூங்குகிற இடத்துக்கு. அங்கே ஒரே ஒரு நீளச் சுரம், வில்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அது விம்மவில்லை. மூச்சு விட்டது. அப்போது அவள் அழுதாள், அக்காவுக்காக இல்லை, அத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்ட தனக்காக.

மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால், டயர் கடை ஷட்டர் திறந்த கையோடு, அக்காவுக்குப் போன் பண்ணினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் எடுக்கப்பட்டது. ஹலோ இல்லை, ஒன்றுமில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

தங்கச்சியும் ஹலோ சொல்லவில்லை. போனை நாற்காலியில் சாய்த்து வைத்து, செல்லோவின் வயிற்றைத் தட்டி, பெடலை மிதித்து, பாட ஆரம்பித்தாள்.

"மெஷின நகர்த்தி ஜன்னல்கிட்ட வெச்சேன்
வெளிச்சம் வந்து துணி மேல உக்காந்துச்சு
ரெண்டு முட்டை பொரிச்சேன், ரெண்டும் எனக்கே
கட்டில் நடுவுல குறுக்கால படுத்தேன்."

கடைசிச் சுரத்தை வில் முடிகிறவரை இழுத்தாள். மூச்சும் அதோடு முடிந்தது. மறுமுனையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நீளத் தையல், பிறகு ஒரு சின்னத் தையல். பிறகு நின்றது. நூலைக் கத்தரிக்கிற சத்தம் கேட்டது. பிரேக்கம்மாவின் கால் பெடல் மேல் அப்படியே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"எத்தனை முட்டை?" என்றாள் அக்கா.

"ரெண்டு."

"நான் எத்தனை சொன்னேன்?"

"மூணு சொன்னக்கா. ஆனா மூணுன்னு பாடினா சிரிப்பாங்க."

 தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் கூச்சல் போன் வழியாக வந்தது.

"சிரிக்கட்டுமே" என்றாள் அக்கா. "எனக்கே அன்னிக்கு சிரிப்புதான் வந்துச்சு. ரெண்டாமே ரெண்டு. பிரி."

தங்கச்சி புறங்கையால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.  தீர்ப்புச் சொன்னதும் அக்கா போனை வைத்துவிடுவாள், அதுதான் வழக்கம். வைக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"என்ன அங்க மூக்க உறிஞ்சற? பிரிச்சுட்டுப் பாடு" என்றாள் அக்கா. "லைன்லதான் இருக்கேன்."